முதலில் நம் வீட்டு மைக்ரோவேவைக் கழிப்போம்

(கிளப் ஹவுஸில் நடந்த குடியிருப்போர் மாதச் சந்திப்பில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த சில கேள்விகளையும் சேர்த்திருக்கிறோம்.)

பின்வரிசையில் மைக் கேட்கிறதா? தலையாட்டுகிறார்கள், சரி.

செயலாளர் சார் என்னை 'விண்வெளி ஆராய்ச்சியாளர்' என்று அறிமுகப்படுத்திவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை. நான் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். கையில் ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்று, மொட்டை மாடியில் நானே தகரத்தில் செய்த ஆன்டெனா ஒன்று, படிப்பதற்குக் கொஞ்சம் நேரம், இவ்வளவுதான் என் தகுதி. அந்தத் தகரக் கூம்பைப் பார்த்துவிட்டு, "என்ன சார், புறா விரட்டவா?" என்று கேட்டவர்கள் இங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நம் வாட்ஸ்அப் குழுதான். 2025 நவம்பரில், தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்ற செய்திகளுக்கு நடுவே ஒரு ஃபார்வர்டு திரும்பத் திரும்ப வந்தது, ஞாபகம் இருக்கிறதா? '3ஐ/அட்லஸ் என்ற வேற்றுக்கிரக விண்கலத்திலிருந்து ரேடியோ சிக்னல் வந்துவிட்டது, நாசா மறைக்கிறது' என்று. கூடவே ஒரு நீல நிறப் படம்.

அதில் பாதி உண்மை. 3ஐ/அட்லஸ் 2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டில் உள்ள ஒரு டெலஸ்கோப்பில் அகப்பட்டது. நம் சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக இதுவரை தெரிந்த மூன்றாவது பொருள் அது. 2017-இல் ஓமுவாமுவா, 2019-இல் போரிசோவ், அப்புறம் இது. ஆனால் இது ஒரு வால்நட்சத்திரம். சூரியனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகிறது. அந்த நீராவியைச் சூரிய ஒளி உடைக்கும்போது ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறு கிடைக்கிறது. அந்த மூலக்கூறு 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு இடங்களில் ரேடியோ அலையை உறிஞ்சும். தென்னாப்பிரிக்காவில் உள்ள மீர்காட் தொலைநோக்கி அந்த உறிஞ்சலைத்தான் பதிவு செய்தது. அதாவது சிக்னல் எதுவும் வரவில்லை, அந்த இரண்டு இடத்தில் அலை கொஞ்சம் குறைந்திருந்தது. வால்நட்சத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. அதுதான் கைமாறிக் கைமாறி 'ஏலியன் பேசுகிறான்' என்று நம் குழுவுக்கு வந்து சேர்ந்தது.

அனுப்பியவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. அந்தச் செய்தி உண்மையாக இருக்கவேண்டும் என்ற ஆசை உங்களைவிட எனக்கு அதிகம். அப்படி ஆசை இருக்கிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன். வேற்றுலக உயிரைத் தேடுகிற வேலையில் முக்கால்வாசி, நம்மை நாமே கழித்துப் பார்க்கிற வேலை. வங்கிக் கணக்கை ஒத்துப் பார்ப்பது மாதிரி. வந்த ஒவ்வொரு தொகைக்கும் இது யார் போட்டது, எந்தக் காசோலை என்று டிக் அடித்துக்கொண்டே போவோம். எல்லாம் போக, யார் கணக்கிலும் சேராமல் ஏதாவது நின்றால்தான் அது விசாரணைக்கு உரிய விஷயம். தேடுபவர்கள் 65 வருடமாக டிக் அடித்துக்கொண்டே வருகிறார்கள். இன்னும் எதுவும் நிற்கவில்லை.

முதல் நாளே அப்படித்தான் நடந்தது. 1959-இல் கொக்கோனி, மாரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். வேறு எங்காவது யாராவது நம்மை அழைப்பதாக இருந்தால் எந்த அலைவரிசையில் அழைப்பார்கள்? பிரபஞ்சத்தில் அதிகம் இருப்பது ஹைட்ரஜன். அது தானாகவே 1420 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய ரேடியோ அலையை வெளியிடும். வானொலி தெரிந்த எந்த உயிருக்கும் அந்த எண் தெரிந்திருக்கும், அங்கே கேட்டுப் பாருங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டே, 1960-இல், அமெரிக்காவில் கிரீன் பேங்க் என்ற இடத்தில் ஃபிராங்க் டிரேக் 26 மீட்டர் டிஷ் ஒன்றைத் திருப்பி, டவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு பக்கத்து நட்சத்திரங்களைக் கேட்டார். பக்கத்து என்றால் பத்துப் பன்னிரண்டு ஒளியாண்டு. ஆரம்பித்த சில மணி நேரத்திலேயே எப்சிலான் எரிடானி பக்கத்திலிருந்து பலமான துடிப்பு வந்தது. டிஷ்ஷைத் திருப்பினார், போய்விட்டது. மறுபடி அங்கே வைத்தார், வரவில்லை. சில நாள் கழித்து அது திரும்பி வந்தது. இந்த முறை கூடவே வைத்திருந்த ஒரு சின்ன ஆன்டெனாவிலும் கேட்டது. எங்கே திருப்பினாலும் கேட்கிற சத்தம் நட்சத்திரத்திலிருந்து வராது, ஆகாய விமானமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார்.

சத்தம் நம்முடையதா, வானத்தினுடையதா என்று பார்க்க அழகான ஒரு வழி இருக்கிறது. அது எந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு வருகிறது என்று பாருங்கள். பால் பாக்கெட் போடுகிறவர் தினமும் ஐந்தரைக்கு வருவார். நம் கடிகாரம் அவருக்கு. ஆனால் ஒரு நட்சத்திரம் இன்று இரவு எட்டு மணிக்கு உதித்தால், நாளை நாலு நிமிடம் முன்னதாக உதிக்கும். நாளை மறுநாள் எட்டு நிமிடம். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டே தன்னையும் சுற்றுவதால் வருகிற கணக்கு இது. ஆகவே ஒரு சிக்னல் தினமும் ஒரே நேரத்துக்கு வந்தால் ஆள் நம் ஊர்க்காரர். தினமும் நாலு நிமிடம் முந்தினால் அது வானத்துக்குச் சொந்தமானது.

இதை நான் நம் மாடியிலேயே பார்த்திருக்கிறேன். என் தகரக் கூம்பு அந்த 1420 மெகாஹெர்ட்ஸைப் பிடிக்கத்தான். சில ஆயிரம் ரூபாயில் விரலளவு ரேடியோ டாங்கிள் கிடைக்கிறது. அதோடு ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு ஃபில்டர். ஃபில்டர் இல்லாவிட்டால் எதிர்க் கட்டடத்துச் செல்போன் டவர் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பால்வெளி மண்டலம் தலைக்கு நேரே கடக்கும்போது பல நிமிடப் பதிவைச் சராசரி எடுத்தால், லேப்டாப் திரையில் ஒரு சின்ன மேடு எழும்பும். அவ்வளவுதான், பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த மேடு மாதா மாதம் இரண்டு மணி நேரம் முந்தி வருகிறது. அது நம் பிளாக் லிஃப்ட் இல்லை, பக்கத்து வீட்டு வைஃபை இல்லை, நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயு என்று அந்த ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்தக் கடிகாரச் சோதனையில் தேறி, உலகத்தையே ஒரு நிமிடம் மூச்சடைக்க வைத்த கதை ஜோஸ்லின் பெல்லுடையது. 1967, கேம்பிரிட்ஜ். பிஎச்.டி. மாணவி. வயலில் கம்பும் கம்பியும் நட்டு அந்த ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 மீட்டர் நீளக் காகிதத்தில் கோடு கிறுக்கும். அத்தனையையும் அவர் கண்ணால் பார்க்கவேண்டும். அதில் ஓர் இடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு கீறல். நட்சத்திரக் கடிகாரப்படி திரும்பத் திரும்ப வந்தது. காகிதத்தை வேகமாக ஓட்டிப் பார்த்தபோது 1.33 விநாடிக்கு ஒரு முறை, அச்சுப் பிசகாத துடிப்பு. இயற்கையில் அப்படி எதையும் அதுவரை யாரும் பார்த்ததில்லை. 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று பாதி வேடிக்கையாக, பாதி கவலையோடு அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அப்போது அவர்கள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்தார்கள். கருவிக் கோளாறா? வேறொரு தொலைநோக்கியிலும் தெரிந்தது. ஒரு கிரகத்திலிருந்து வந்தால், அந்தக் கிரகம் தன் சூரியனைச் சுற்றும்போது துடிப்பின் இடைவெளி கூடிக் குறையவேண்டும். அப்படியும் இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு துடிப்பை ஜோஸ்லினே கண்டுபிடித்தார். இரண்டு வேறு திசைகளில் இரண்டு பச்சை மனிதக் கூட்டம் ஒரே நேரத்தில் ஒரே முறையில் நமக்குச் சிக்னல் அனுப்புமா? அனுப்பாது. அது பல்சர். செத்துப்போன பெரிய நட்சத்திரத்தின் கரு, தன்னைத்தானே வேகமாகச் சுற்றிக்கொண்டு கலங்கரை விளக்கம் மாதிரி அலையை வீசுகிறது. 1974-இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது, அவருடைய வழிகாட்டிக்கு. ஜோஸ்லினுக்கு இல்லை. 2018-இல் 30 லட்சம் டாலர் பரிசு ஒன்று தேடி வந்தபோது அதை முழுக்க மாணவர் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபமும் கொஞ்சம் பெருமையும் வரும். மேலே போகலாம்.

இப்போது தலைப்பில் உள்ள மைக்ரோவேவ். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் ரேடியோ டிஷ் இருக்கிறது. 1998 முதல் அதில் அவ்வப்போது ஒரு விநோத வெடிப்புச் சிக்னல் பதிவாகிக்கொண்டிருந்தது. பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். பார்த்தால் வெகு தூரத்திலிருந்து வரும் அலை மாதிரியே இருக்கும். ஆனால் கடிகாரம்தான் காட்டிக்கொடுத்தது: அது பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் வந்தது, சாப்பாட்டு வேளையில் அதிகம். 2015-இல் எமிலி பெட்ரோஃப் என்ற ஆராய்ச்சி மாணவியின் குழு இதைத் துரத்திப் பிடித்தது. அங்கே வேலை செய்பவர்கள் சாப்பாட்டைச் சுட வைக்கும்போது, 'டிங்' என்று மணி அடிக்கும்வரை பொறுக்காமல் மைக்ரோவேவ் கதவைப் படக்கென்று திறக்கிறார்கள். மேக்னட்ரான் அணையும் அந்தக் கணத்தில் ஒரு சின்ன அலை வெளியே தப்பிவிடுகிறது. டிஷ் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் பிடித்துக்கொள்கிறது. பதினேழு வருட மர்மம், பசி பொறுக்காத யாரோ ஒருவர்.

சிரிக்கிறீர்கள். அங்கேயும் சிரித்திருப்பார்கள். ஆனால் இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. அதே பார்க்ஸ் தொலைநோக்கியின் பழைய பதிவுகளில் 2007-இல் உண்மையாகவே தொலைதூரத்திலிருந்து வந்த ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். பெரிட்டான் குழப்பத்தால் அதையும் பலர் நம்பவில்லை. மைக்ரோவேவ் பிடிபட்ட பிறகு, இது வேறு, அது வேறு என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. இன்று அந்த வகை ரேடியோ வெடிப்புகளை வைத்து ஒரு தனி ஆராய்ச்சித் துறையே நடக்கிறது. சமையலறையைக் கழித்ததால்தான் வானம் மிஞ்சியது.

அதே பார்க்ஸில் 2019-இல் இன்னொன்று. நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி பக்கம் டிஷ்ஷை வைத்தால் 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடு, திருப்பினால் காணோம். டிரேக் செய்த சோதனையில் இது தேறிவிட்டது! பதிவுகளில் இதை முதலில் கவனித்தவர் ஒரு கல்லூரி மாணவர். விஷயம் கசிந்து 2020 டிசம்பரில் செய்தியானது. ஆய்வுக் குழு அவசரப்படாமல் ஒரு வருடம் குடைந்தது. கடைசியில் அதே சாயலில் பல கோடுகள் வேறு அலைவரிசைகளில் இருந்தன, நம்முடைய மின்னணுக் கருவிகளின் அலைகள் ஒன்றோடொன்று கலந்தால் வருகிற எண்கள் அவை என்று தெரிந்தது. டிக்.

டிக் அடிக்க முடியாமல் நிற்பதும் ஒன்று உண்டு. 1977 ஆகஸ்ட் 15, ஓஹையோ மாகாணத்தில் 'பிக் இயர்' தொலைநோக்கி. கம்ப்யூட்டர் அச்சடித்த காகிதத்தில் ஜெர்ரி எஹ்மன் ஒரு வரிசையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதினார். 72 விநாடி. அந்தத் தொலைநோக்கியின் பார்வையை ஒரு நட்சத்திரம் கடக்க ஆகும் நேரமும் அதுவே. அதன் பிறகு எத்தனையோ முறை அங்கே கேட்டுப் பார்த்தாகிவிட்டது, வரவே இல்லை. ஒரு தடவை மட்டும் வந்து, ரசீதும் இல்லாமல் போன தொகை மாதிரி அது சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கிறது. அதை வருமானத்தில் சேர்த்துவிடக் கூடாது. தூக்கி எறியவும் கூடாது. அந்தத் தொலைநோக்கி இன்று இல்லை. நிலம் கைமாறி, 1998-இல் அதை இடித்துவிட்டு கோல்ஃப் மைதானத்தை விரிவுபடுத்தினார்கள். ரியல் எஸ்டேட் எங்கேயும் ரியல் எஸ்டேட்தான்.

"இத்தனை வருடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்றுதானே அர்த்தம்?" என்று என் மைத்துனர் கேட்பார். எவ்வளவு தேடியிருக்கிறோம் என்று முதலில் பார்க்கவேண்டும். எந்தத் திசை, எந்த அலைவரிசை, எந்த நேரம், எவ்வளவு மெல்லிய சிக்னல் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் தேடவேண்டிய இடம் ஒரு சமுத்திரம். 2018-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பூமியின் கடல்கள் முழுவதும் தேடவேண்டிய இடம் என்றால், இதுவரை தேடியது எட்டாயிரம் லிட்டர்கூட வராது. நமக்கு வருகிற பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் முக்கால் பங்குகூட இல்லை. அந்தத் தண்ணீரில் மீன் இல்லை என்பதால் கடலில் மீன் இல்லை என்று சொல்ல முடியுமா?

இன்னொரு சிக்கல், காலம். ராத்திரி இரண்டு மணிக்கு எதிர்க் கட்டடத்தைப் பாருங்கள். நூறு வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள். விளக்கு எரிவது ஒன்றோ இரண்டோ. எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி, நாம் பார்க்கிற அந்த நிமிடத்தில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்பது வேறு கேள்வி. 1961-இல் டிரேக் எழுதிய சமன்பாட்டின் கடைசி உறுப்பு இதைத்தான் கேட்கிறது: ஒரு நாகரிகம் எத்தனை காலம் அலை அனுப்பிக்கொண்டிருக்கும்? நாம் வானொலி கற்று நூற்றிச் சொச்சம் வருடம்தான் ஆகிறது. பூமியின் வயது 450 கோடி வருடம்.

விளக்கு எரியாத வீட்டில் ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கவும் இப்போது ஒரு வழி வந்திருக்கிறது, சமையல் வாசனை! வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்கள் 6000-க்கு மேல் உறுதியாகியிருக்கின்றன. அப்படி ஒரு கிரகம் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது, நட்சத்திர ஒளி அதன் காற்று வழியாகக் கசிந்து வரும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால் காற்றில் என்ன வாயு என்று சொல்லலாம். கேம்பிரிட்ஜில் இருக்கும் நம் நாட்டுக்காரர் நிக்கு மதுசூதனின் குழு, 124 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கே2-18பி என்ற கிரகத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் இப்படிப் பார்த்தது. அங்கிருந்து இன்று நமக்கு வருகிற ஒளி, பாரதியார் இருபது வயதை எட்டாத காலத்தில் கிளம்பியது. 2025 ஏப்ரலில் டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதை ஒத்த ஒரு பொருளின் சாயல் தெரிவதாக அறிவித்தார்கள். பூமியில் அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். நம் பத்திரிகைகள் கொண்டாடிவிட்டன.

மதுசூதனன் குழுவே 'இது மூன்று சிக்மா' என்றுதான் சொன்னது. தற்செயலாக அப்படித் தெரிய ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டும், பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. அதே பதிவுகளை வேறு குழுக்கள் ஆராய்ந்து, அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்றன. 67பி என்ற வால்நட்சத்திரத்திலும் அதே வாயு இருப்பது தெரிந்திருக்கிறது. அங்கே மிதக்கும் உயிரும் இல்லை, கடலும் இல்லை. என் கணக்கில் இது இன்னும் திறந்தே இருக்கிற பேரேடு. மதுசூதனன் செய்தது தவறு என்று சொல்லமாட்டேன். தன் கணக்கை மேஜை மேல் வைத்து, மற்றவர்கள் டிக் அடிக்க இடம் கொடுத்திருக்கிறார். ஃபார்வர்டு அனுப்புகிறவர் அதைச் செய்வதில்லை.

எனக்கு உண்மையான கவலை ஒன்று இருக்கிறது. கழிக்கவேண்டியது வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. 1960-இல் டிரேக் ஓர் ஆகாய விமானத்தைக் கழித்தார். இன்று தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான இணையச் செயற்கைக்கோள்கள். தாங்கள் ஒலிபரப்பும் அலைவரிசை போக, உள்ளே இருக்கும் மின்னணுவிலிருந்தும் அவை அலை கசியவிடுவதை ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி 2023-இல் பதிவு செய்திருக்கிறது. ஹைட்ரஜன் அலை இருக்கிற 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக நாடுகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து வாயை மூடிக்கொள்வதாக ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் அது. ஆனால் தேடவேண்டியது அந்த ஒரு சன்னல் மட்டும் இல்லையே. நம் ஊட்டியில் முத்தோரை மலைச்சரிவில், 530 மீட்டர் நீளத்தில் ரேடியோ தொலைநோக்கி ஒன்றை கோவிந்த் ஸ்வரூப் 1970-இல் கட்டி முடித்தார். அடுத்து ஊர்ச் சத்தம் குறைந்த இடமாகத் தேடி, புனேயிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி கோடத்தில் 45 மீட்டர் டிஷ் முப்பதை நட்டார். இன்று அப்படி ஓர் இடம் தேடினால் சந்திரனின் பின்பக்கத்துக்குத்தான் போகவேண்டும். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அங்கே வைக்கத் திட்டம் போடுகிறார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா? உண்டு. 'பிளானட் ஹன்டர்ஸ்' என்ற இணையத் திட்டத்தில் கெப்ளர் தொலைநோக்கியின் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. அங்கே தன்னார்வலர்கள்தான், ஒரு நட்சத்திரம் கன்னாபின்னாவென்று மங்குவதைக் கவனித்தார்கள், ஒரு தடவை 22 சதவீதம்வரை. ஒரு கிரகம் மறைத்தால் ஒரு சதவீதம்தான் குறையும். 2015-இல் தபேதா போயாஜியன் இதை வெளியிட்டதும், வேற்றுலகத்தார் தங்கள் சூரியனைச் சுற்றிக் கட்டிய பிரம்மாண்டக் கட்டடமோ என்றுகூடப் பேச்சு. பொதுமக்கள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். 2017-இல் மறுபடி மங்கியபோது நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் மறைந்தது. கட்டடமானால் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் மறைக்கவேண்டும். அப்படியானால் தூசி. கண்டுபிடித்தவர்களும் சாதாரண ஜனங்கள், கழித்ததும் சாதாரண ஜனங்களின் காசு. இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

கேள்விகளுக்கு வருகிறேன்.

(ஏ பிளாக் குழந்தை ஒருவர்: "ஏலியன் வந்தா கேட்ல செக்யூரிட்டி அங்கிள் உள்ளே விடுவாரா?") ஆப்பில் ஃபிளாட் நம்பரும் ஓடிபியும் இல்லாமல் அவர் என் சம்பந்தியையே விடமாட்டார், பாப்பா. ஆனால் ஏலியன் வந்து சேருவதே கஷ்டம். வாயேஜர்-1 விண்கலம் 1977-இல் கிளம்பி இத்தனை வருடம் நிற்காமல் ஓடுகிறது. ஒளி ஒரே நாளில் போகிற தூரத்தை அது இந்த வருடக் கடைசியில்தான் எட்டப்போகிறது. பக்கத்து நட்சத்திரத்துக்கு ஒளி போகவே நாலு வருடத்துக்கு மேல் ஆகும்.

(டி பிளாக் மாமி: "அந்த வாயேஜர்ல தமிழ்ல வணக்கம் சொல்லியிருக்கா?") இல்லை மாமி. அதில் உள்ள தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, சுமேரியம்கூட உண்டு. தமிழ் இல்லை. பாட்டில் கேசர்பாய் கேர்கரின் இந்துஸ்தானி இருக்கிறது, நம் கர்நாடக சங்கீதம் இல்லை. எனக்கும் வருத்தம்தான்.

(முன்வரிசையிலிருந்து ஒரு சார்: "இதுக்கெல்லாம் செலவு பண்ணணுமா?") அமெரிக்க செனட்டில் இதே கேள்வி வந்து, நாசா நடத்திய ரேடியோ தேடலை 1993-இல் நிறுத்தினார்கள், ஆரம்பித்த ஒரே வருடத்தில். அது நாசா செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் பிறகு பெரும்பகுதி தனியார் பணம்தான். யூரி மில்னர் என்ற பணக்காரர் 2015-இல் பத்து வருடத்துக்கு 10 கோடி டாலர் அறிவித்தார். என் ஆன்டெனாவுக்கு அசோசியேஷன் பணம் ஒரு பைசா எடுக்கவில்லை என்பதையும் பொருளாளர் முன்னிலையில் பதிவு செய்துகொள்கிறேன்.

(அதே சார்: "நீங்க நம்பறீங்களா, இல்லையா?") என் சொந்தக் கருத்துதான், ஆதாரம் கேட்காதீர்கள். பாசி, நுண்ணுயிர் அளவில் உயிர் பல இடங்களில் இருக்கும் என்று நினைக்கிறேன். நம்மோடு பேசுகிற அளவுக்கு உயிர் மிக அபூர்வம், நம் விளக்கும் அவர்கள் விளக்கும் ஒரே நேரத்தில் எரிவது அதைவிட அபூர்வம். 'அபூர்வம்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் நடுவே உள்ள இடத்தில்தான் என் தகரக் கூம்பு நிற்கிறது.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வரும் சனிக்கிழமை இரவு ஏழரை முதல் ஒன்பதரை வரை பி பிளாக் மாடியில் வியாழன் கிரகம் காட்டுகிறேன். பக்கத்தில் நாலு புள்ளிகள் தெரியும். அதில் யூரோப்பாவின் பனிக்கு அடியில் கடல் இருப்பதாக நம்புகிறார்கள், 2024-இல் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030-இல் அங்கே போய்ச் சேரும். இன்னொரு புள்ளி கானிமீட். 1972 ஜூன் 7 அன்று அது ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை நம் காவலூரிலிருந்தும் ஜாவா தீவிலிருந்தும் பார்த்துத்தான், அதற்குக் காற்று மண்டலம் இருக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். அவர்கள் மதிப்பிட்டதைவிட அது மிக மிக மெல்லியது என்று பின்னால் தெரியவந்தது. வாணியம்பாடி பக்கம் போகிறவர்கள் ஜவ்வாது மலை ஏறி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த இரண்டு மணி நேரம் மட்டும் மாடியில் உள்ள இரண்டு ஃபோகஸ் லைட்டையும் அணைக்க மேலாளர் சம்மதித்திருக்கிறார். படிக்கட்டு விளக்கு எரியும், பயப்படவேண்டாம். செல்போன் டார்ச் அடிக்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும். துணி காயப்போட்டவர்கள் ஆறு மணிக்குள் எடுத்துவிடுங்கள். வரிசையில் முதலில் குழந்தைகள், அப்புறம் முட்டி வலி உள்ளவர்கள், நாற்காலி போட்டு வைக்கிறேன்.